அரைக்கண் தம்பி

அவன் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொள்வான். தூக்கம் வந்தவன் மாதிரி இமை இரண்டையும் இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சந்து வழியாக உங்களைப் பார்ப்பான். தெரியாதவர்களுக்குக் கோபம்தான் வரும். பசாரில் ஒரு மீன்காரர், "என்னா பாய், என் மீனு நாறுதா?" என்று கேட்டே விட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை அப்படிப் பார்த்துவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா மாலை கொண்டுபோன என்னிடம் வந்து, "அந்த ஆளு என் மவன என்னா அப்படி எளக்காரமா பாக்குறாரு?" என்று கேட்டார்கள்.

"எளக்காரம் இல்லம்மா. உங்க மவன் கறுப்பு வெள்ளையில எப்படி இருப்பாருன்னு பாக்குறான்" என்றேன்.

அதைக் கேட்டு அந்த அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறிப்போனது.

துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை அவனுக்கு. மார்க்கெட் ஸ்திரீட்டில், அந்தக் கடைக்கு முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதையில், தூணை ஒட்டித்தான் என் பூக்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு முக்காலி, இரண்டு வாளி. முதலாளி கதவைத் திறப்பதற்கு முன்பே அவன் வந்து என் பக்கத்தில் நின்று பால் சேர்க்காத கோப்பி ஓ குடிப்பான். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவனே போனில் சொல்லிவிட்டான். இப்போது சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருக்கிறான். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி புத்தகத் தமிழில் போடுகிறாள். ஆட்கள் பேசினது மட்டும், வார்த்தை முடிவில் ஒட்டுகிற எங்கள் ஊர் 'லா' உட்பட, பேசினபடியே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், சேலை. மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ராணிக் கலர் என்று நாள் முழுக்க வண்ணத்தை வாயால் விற்கிறவன் அவன். காமிராவைக் கையில் எடுத்துவிட்டால் வண்ணம் ஒன்றுகூட வேண்டாம் என்பான். பழைய காலத்துச் சுருள் காமிரா இல்லை. டிஜிட்டல் காமிராதான், யாரோ வைத்திருந்ததை வாங்கினது, மூலையெல்லாம் பெயிண்ட் உரிந்து கிடக்கும். அதில் ஏதோ திருகி வைத்திருந்தான், பின்னால் இருக்கிற குட்டித் திரையில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

"கலரு என்னாச்சுடா, செத்துப்போச்சா?" என்று முதல் தடவை பார்த்தபோது கேட்டேன்.

"சாகலக்கா. திரைக்குத்தான் கறுப்பு வெள்ளை. உள்ள அத்தனை கலரும் அப்படியே இருக்கு. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல நான் எறக்குவேன். சிவப்பை எவ்வளவு எறக்கலாம், பச்சையை எவ்வளவு ஏத்தலாம்னு ஒண்ணொண்ணா."

"அப்ப கலரை வெச்சுத்தான் கறுப்பு வெள்ளை பண்ணுறியா?"

"அதேதான்க்கா!" என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான். எனக்கு என்ன புரிந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அவன் குதித்தது பிடித்திருந்தது.

இந்தக் கண்ணால் அவன் வேலைக்கே ஒரு தடவை ஆபத்து வந்தது. பெண்ணுக்குப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. அம்மாக்காரி ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் மடியில் வைத்துக்கொண்டு, "எது தம்பி எடுப்பா இருக்கும்?" என்று கேட்டாள். இவன் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றான். அம்மாக்காரி இரண்டையும் மடியிலிருந்து தள்ளி வைத்தாள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஒண்ணா? டேய், இது சிவப்பு, அது பச்ச! கண் டாக்டர்கிட்ட போலா!"

"கலரு வேறதான் மொதலாளி. வெளிச்சத்துக்கு ரெண்டும் ஒரே கனம்."

அந்தக் குடும்பம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. முதலாளி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனோ அந்த இரண்டு சேலையையும் படம் எடுத்து என்னிடம் ஓடி வந்து காட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் ஒரே சாம்பல். எது சிவப்பு, எது பச்சை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டிக்கொண்டிருந்த மாலை அவிழ்ந்து போகிற அளவுக்குச் சிரித்தேன்.

"பாத்தீங்களாக்கா? கலரை நம்பி எடுத்தா இப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எது இருட்டு, எது வெளிச்சம்னு மொதல்ல பாக்கணும். கண்ணை பாதி மூடினா அது மட்டுந்தான் தெரியும். மூடிப் பாருங்க."

நானும் மூடிப் பார்த்தேன். என் மேசையில் இருந்த செவ்வந்தியும் ரோஜாவும் ஒன்றாகி, மல்லிகை மட்டும் தனியாக எழுந்து நின்றது. அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சாமி கும்பிடும்போதுகூடக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்திருக்கிறேன். முருகன் மன்னிப்பார்.

மல்லிகை என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் ரொம்ப நாள் மாரடித்தது என் மல்லிகைச் சரத்தோடுதான். முதலில் எடுத்த படத்தைக் காட்டி எப்படி என்றான்.

"பூவாடா இது? சோத்தைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு."

அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு படத்தை உற்றுப் பார்த்து, "சோறுதான்க்கா" என்று ஒத்துக்கொண்டான். வெளிச்சம் அதிகமாகி வெள்ளை வெந்துவிட்டதாம். இருட்டுக்குள் இருப்பதை அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையில் தூக்க எதுவும் இருக்காது என்றான். அதற்கப்புறம் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து எடுத்தான். திரையில் பார்க்க மந்தமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது, நூல் முடிச்சுகூடத் தெரிந்தது. என் கட்டு என்று பார்த்தவுடனே சொல்லலாம்.

ஒவ்வொரு படத்தையும் முதலில் என்னிடம்தான் காட்டுவான். "படிச்சவங்ககிட்ட காட்டுனா எந்தக் காமிரா, எவ்வளவு வெலைன்னு கேக்குறாங்க. நீங்கதான்க்கா படத்தைப் பாக்குறீங்க" என்பான். எனக்குப் பெருமையாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

மழை பெய்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், அவன் வெளியே ஓடுவான். தார் ரோடு கண்ணாடி மாதிரி ஆகுமாம். திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டுகிற சீனத் தாத்தா ரப்பர் தாளைப் போர்த்திக்கொண்டு போவதை எடுக்க முட்டிக்கால் போட்டு, கால்சட்டை முழுக்கச் சேறாக வந்து நிற்பான். பிளாஷ் போடவே மாட்டான். அது மூஞ்சியைத் தட்டையாக்கிவிடுமாம். சாய்ந்து வருகிற வெளிச்சம்தான் வேண்டும் என்று நாலு மணிக்காகக் காத்திருப்பான். அந்த நேரத்தில்தான் எங்கள் நடைபாதைத் தூண்களுக்கு இடையே வெயில் படுத்துக்கொண்டு வரும். முதலாளி உள்ளேயிருந்து, "நாலு மணியாச்சு, இனிமே அவன் வேலைக்கு ஆவமாட்டான்" என்று கத்துவார்.

இவ்வளவு பழகியும் என் முகத்தை எடுக்க நான் விட்டதே இல்லை. கையை எடுத்துக்கோ, பூவை எடுத்துக்கோ, முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கன்னத்திலும் கறுப்பாக மங்கு படர்ந்திருக்கும் எனக்கு, கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே. இன்னொன்று, எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அது செத்தவர்கள் படம். மாமனார், மாமியார், என் அப்பா எல்லாம் மாலையோடு சுவரில் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நான் எதற்கு முன்னாடியே போய் நிற்க வேண்டும்?

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. அக்கரைக்குப் போகிற பெர்ரிக் கப்பலில் கயிறு பிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர். வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனுஷன். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நெஞ்சைத் திறந்து ரத்தக்குழாயை மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஆப்பரேஷன் என்றார்கள். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, உன் படம் ஒண்ணு கொண்டா."

"எதுக்கு? போன்ல இருக்குல்ல."

"போன்ல இருக்கிறது எல்லாம் கல்யாண வீட்டுல வாயைத் தொறந்து சாப்புடுற படம். அந்தத் தம்பிகிட்ட சொல்லி நல்லதா ஒண்ணு எடு. தலைகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு உள்ள போறேன்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படி ஒன்று கேட்டதில்லை. புதன்கிழமை நாலு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தேன். தம்பி என்னை வெயிலில் உட்கார வைக்கவில்லை. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பச் சொன்னான். சிரிக்கச் சொல்லவில்லை, பூக்கட்டச் சொன்னான்.

"மங்கு தெரியாம எடுப்பியாடா?"

"தெரியாமப் பாத்துக்கிறேன்க்கா. அண்ணனுக்குப் போற படம்லா."

வியாழக்கிழமை பகல், பார்வை நேரத்துக்கு நான் பஸ் ஏறுகிற சமயத்தில் ஓடி வந்து ஓர் உறையைக் கையில் திணித்தான். "அக்கா, நான் எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட். அங்க போய் ரெண்டு பேரும் சேந்து பாருங்க." அவன் முகம் பெருநாள் முகம் மாதிரி இருந்தது.

நானும் பிரிக்காமல் கொண்டுபோனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே பிரித்தார். வெளியே எடுத்தார், பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏதாவது கிண்டல் வரும் என்று. அவரோ படத்தை மெதுவாகக் கவிழ்த்துப் போர்வை மேல் வைத்தார்.

"வேற படம் இல்லையா?" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். அழகாக இருந்தேன், அதுதான் கொடுமை. முகத்தில் மங்கு இல்லை, கோடு இல்லை, கன்னம் பால் மாதிரி இருந்தது. மூக்குத்தி மினுங்கியது. நெற்றியில் பொட்டு இல்லை. வைத்த இடம்கூடத் தெரியாமல் துடைத்த நெற்றி. புருஷன் நாளைக்கு நெஞ்சைத் திறந்துகொள்ளப் போகிறான், பொண்டாட்டி பொட்டில்லாமல் அவன் மடியில் இருக்கிறாள்.

அவர் என்னைத் தேற்றப் பார்த்தார். "விடு, படந்தானே" என்றார். அவர் குரல்தான் சரியாக இல்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்குள் ஆட்கள் இருந்தார்கள். நான் பார்க்கவில்லை. விரித்த சேலை மேலேயே படத்தைப் போட்டேன்.

"என் பொட்டு எங்கடா?"

அவன் படத்தைப் பார்த்தான். கண்ணை முழுசாகத் திறந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"அக்கா... அக்கா, நான் வெளிச்சத்தைத்தான் பாத்தேன். மங்கு போறதுக்காகச் சிவப்பை ஏத்துனேன். குங்குமமும் சிவப்புலா. அதுவும் சேந்து வெளுத்துப்போச்சு. நான் பாக்கலக்கா, ராத்திரி முழுக்க உங்க மூஞ்சியத்தான் பாத்தேன், நெத்திய பாக்கல."

"நாளைக்கு காலையில அவரை உள்ள கொண்டுபோறாங்கடா. இதப் பாத்துட்டா அவர் போகணும்?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள போய் சரி பண்ணுடா. வாடிக்கைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவே, படம் போடுவதற்காக அன்று வீட்டிலிருந்து தூக்கி வந்த அவன் மடிக் கம்ப்யூட்டர் இருந்தது. எனக்கு ஒரு மூட்டையைத் தட்டி உட்காரக் கொடுத்தான். திரையில் அதே முகம் வந்தது, அதே வெறும் நெற்றியோடு.

"பொட்டு அழியலக்கா. உள்ள இருக்கு. அந்த எடத்துல மட்டும் நான் கறுப்பா ஒண்ணு வெச்சுட்டா போதும், முகம் இப்படியே இருக்கும். ரெண்டு நிமிஷம்."

"நீ வைக்கிறதா?"

அவன் நிறுத்திவிட்டான்.

"என் நெத்தியில நீ பொட்டு வைக்கக் கூடாதுடா தம்பி. நான் வெச்சது உள்ள இருக்குன்னா அதை வரவை."

"அது வரணும்னா சிவப்பை எறக்கணும்க்கா. எறக்குனா மங்கும் கூடவே வரும். கோடு, கறுப்பு எல்லாம் வந்துரும். அதை மட்டும் விட்டுட்டு இதை மட்டும் கொண்டாற முடியாது."

"எறக்கு."

திரையில் ஒரு கோடு, அதில் ஒரு சின்ன முத்து. அதை அவன் இடது பக்கமாக இழுத்தான். நெற்றியில் முதலில் தண்ணீர் பட்ட மாதிரி லேசாக ஒரு நிழல். அப்புறம் புகை. அப்புறம் அது வட்டமாயிற்று. கூடவே கன்னத்தில் அந்தச் சனியன் பிடித்த மங்கும் மெதுவாக எழுந்து வந்தது, இரண்டு பக்கமும். கண்ணுக்குக் கீழே பை, வாய் ஓரத்தில் வெட்டு வெட்டாகக் கோடு. அவன் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ்வளவு போதுமாக்கா? பொட்டு தெரியுது."

"சாம்பலா இருக்கு. இன்னும்."

"மங்கு இன்னும் கறுக்கும்க்கா."

"வரட்டும்டா. எல்லாம் வரட்டும்."

இழுத்தான். பொட்டு மை மாதிரி கறுத்து நெற்றி நடுவில் உட்கார்ந்தது. கீழே, ஐம்பத்தெட்டு வயசில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன். ஒரு சுருக்கம் குறையவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அவனும் அழுதான், மூக்கைக் கடைத் துணியில் துடைத்தான். அதை முதலாளியிடம் சொல்லாதீர்கள்.

படம் போடுகிற கடைக்கும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் முதலாளியே தன் காரில் கொண்டுபோனார். பார்வை நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. தம்பி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான், உள்ளே வர மாட்டேன் என்றான். நான் மட்டும் போய் நீட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாய்கிட்ட இந்தக் கோடு எப்ப வந்துச்சு?" என்றார்.

"உங்களக் கட்டுன மறுநாளு."

"ம். அப்ப இவதான்" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் நாலு மணி நேரத்தில் முடியும் என்றார்கள், ஆறு மணி நேரம் ஆனது. நடுவில் நான் கீழே இறங்கிப் பார்த்தால், தம்பி பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேராக வந்து மருந்துக் கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கையில் காமிரா இல்லை. "மேல வாடா" என்றேன். வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னதை நான் இறங்கிப் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்தான். எழுந்தவன் அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்துத்தான் வார்டுக்குள் கால் வைத்தான். கட்டில் கால்மாட்டில், தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். எங்கள் வீட்டுக்காரர் மார்பு முழுக்கக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தால் தையல் பிரியாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள்.

"வாலா தம்பி. அந்த மொத படம் எங்க?"

"அக்கா கிழிச்சிட்டாங்கண்ணே."

"கம்ப்யூட்டர்ல?"

"அழிச்சிட்டேன்ண்ணே."

"அடப்பாவி! அதுல இவ என்னமா இருந்தா! மங்கு கிங்கு ஒண்ணும் இல்லாம, பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்படி இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப எதுக்குக் கவுத்துப் போட்டீங்க?"

"பொட்டுக்காகக் கவுத்தேன். மூஞ்சிக்கா கவுத்தேன்?" அவர் தம்பி பக்கம் குனிந்தார். "அது மறுபடி வருமா?"

தம்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். "ஒரு இழுப்பு இழுத்தா வரும்ண்ணே. உள்ளதான் இருக்கு."

"அப்ப இழு. பொட்டை நான் பேனாவுல வெச்சுக்கிறேன்."

"இழுத்துப் பாருடா நீ. வெரலை ஒடிச்சு வாளியில போடுறேன்" என்றேன்.

"மாட்டேன்க்கா, மாட்டேன்க்கா!" என்று அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய, "ரெண்டு பேரும் வெளிய போங்க, சிரிச்சே செத்துருவேன்" என்றார்.

அந்த வார்த்தைக்கு அவர் வாயிலேயே ஒன்று போட்டேன்.